புத்தாண்டுக்குச் சபதம் வேண்டாம், சின்ன விருப்பங்கள் போதும்: எப்படி எழுதுவது?

மழைக்குருவி (கேள்வி):

இந்த வருஷம் சபதம், தீர்மானம் எதுவும் வேண்டாம்னு முடிவு. மனசுக்குப் பிடிச்ச மாதிரி, தவறினாலும் என்னை நானே திட்டிக்காத மாதிரி சில விருப்பங்கள் மட்டும் எழுதி வைக்கணும். ஆனா எழுத உட்கார்ந்தா ரெண்டே வகைதான் வருது. ஒண்ணு வாழ்த்து அட்டை வாசகம், இல்லேன்னா ஆபீஸ் டார்கெட். ரெண்டுக்கும் நடுவில் எப்படி எழுதுறது?

இப்போதைக்குக் கையில் இருக்கிற பட்டியல்:

நிறைய வாசிக்கணும்.
போனைக் குறைக்கணும்.
உடம்பைக் கவனிக்கணும்.
பழைய நண்பர்களோட தொடர்பு விடாம இருக்கணும்.
எதுக்கெடுத்தாலும் கோபப்படக் கூடாது.
படம் வரையக் கத்துக்கணும்.
மனசை அமைதியா வெச்சுக்கணும்.

இதில் எத்தனை வைக்கலாம்? எண்ணிக்கை போடணுமா, போட்டா அதுவே டார்கெட் ஆயிடாதா? நடுவில் விட்டுப்போனா என்ன பண்றது? இதுக்குன்னு ஆப் ஏதாவது அவசியமா?

---

காகிதக்கப்பல்:

மழைக்குருவி, மென்மை அளவில் இருக்கட்டும், வாசகத்தில் வேண்டாம். ‘நிறைய’, ‘குறைக்கணும்’, ‘கவனிக்கணும்’ எல்லாம் கேட்க மெத்தென்று இருக்கும். ஆனால் இரவு படுக்கும்போது ‘இன்றைக்குச் செய்தேனா?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பதில் வராத கேள்விக்கு மனசு தானாகவே ‘இல்லை’ என்று போட்டுக்கொள்ளும். கடைசியில் அதிகம் குத்துவது இந்த மெத்தென்ற வாசகங்கள்தான்.

ஒரு வரிக்கு மூன்று சங்கதி வேண்டும்: எது முடிந்ததும், எந்த இடத்தில், எவ்வளவு குறைவாக. உங்கள் முதல் வரியை இப்படி எழுதலாம்:

“இரவு பல் துலக்கி முடித்ததும், கட்டிலில் உட்கார்ந்து, 2 பக்கம்.”

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘இரவு 9 மணிக்கு’ என்று எழுதினால், 9 மணி சத்தமில்லாமல் கடந்து போய்விடும்; கவனிக்கும்போது 9.40 ஆகியிருக்கும், ‘சரி, நாளைக்கு’ என்றாகிவிடும். வெறும் ‘இரவில்’ என்றால் அது நான்கு மணி நேர நீளம், எந்த நிமிடமும் ‘இப்போது’ என்று சொல்லாது. ‘பல் துலக்கும் முன்’ என்பதும் சரிவராது. முன் என்பதற்கு விளிம்பு கிடையாது. துலக்கி முடித்து பிரஷ்ஷைத் திரும்ப வைக்கிறீர்களே, அந்தச் செயலுக்கு விளிம்பு இருக்கிறது. அதுதான் உங்கள் மணியோசை.

‘2 அத்தியாயம்’ என்று எழுதாதீர்கள். ஒரு அத்தியாயம் 6 பக்கம், அடுத்தது 40 பக்கம் என்று வரும். 40 வரும் இரவில்தான் பழக்கம் அறுந்துபோகும்.

2 என்பது தரை, கூரை இல்லை. ஒருநாள் 20 பக்கம் ஓடிவிட்டால் நல்லது, ஆனால் மறுநாளும் தரை 2தான். ஆரம்பசூரத்தனம் தலைகாட்டுவது முதல் நாளில் என்று நினைப்போம். உண்மையில் மூன்றாவது வாரத்தில் வரும்: ‘2 பக்கம் எல்லாம் ஒரு கணக்கா, பத்தாக்கிவிடலாம்’ என்று தோன்றும். மார்ச் முடியும்வரை அந்த எண்ணைக் கூட்டக் கூடாது என்று வரியின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

இடத்தைத் தயார் செய்வது வாசகத்தைவிட முக்கியம். காலையில் படுக்கையைச் சரிசெய்யும்போதே புத்தகத்தைத் தலையணை மேல் வைத்துவிடுங்கள். படுக்க வேண்டுமானால் அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். நிறுத்தும்போது அத்தியாய முடிவில் நிறுத்தாமல் நடுப்பத்தியில் அடையாளச் சீட்டை வையுங்கள். முடிந்துபோன இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குவதைவிட, பாதியில் நிற்கும் இடத்திலிருந்து தொடர்வது எளிது.

அடுத்தது சார்ஜர். கட்டிலருகே சார்ஜர் இருந்தால் போன்தான் ஜெயிக்கும், இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. சார்ஜரை எழுந்து நடந்தால்தான் எட்டும் பிளக்குக்கு மாற்றுங்கள். ‘போன்தானே அலாரம்’ என்ற சாக்கு உடனே வரும். அறைவாசலுக்கு அருகே வைத்தாலும் அலாரம் கேட்கும், அணைக்க எழுந்துதான் ஆக வேண்டும், அதுவும் லாபம். ஆக உங்கள் பட்டியலின் முதல் இரண்டு வரிகளும் ஒரே வரி. போனைக் ‘குறைக்க’ தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

‘உடம்பைக் கவனிக்கணும்’ என்பது ஐந்து விருப்பங்களின் மூட்டை: தூக்கம், நடை, உட்காரும் விதம், பரிசோதனை, ஓய்வு. ஒன்றை மட்டும் உருவி எடுங்கள். நடை என்றால்: “வேலை முடிந்து கணினியை மூடியதும், செருப்பை மாட்டிக்கொண்டு, 5 நிமிடம் போய் 5 நிமிடம் வருவேன்.” மழை நாளுக்கு மாற்றையும் அதே வரியில் எழுதுங்கள்: “மழையென்றால் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம்.” மாற்று எழுதப்படாவிட்டால் மழை நாளில் நீங்கள் முடிவெடுக்க வேண்டிவரும், களைத்த நேரத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் நாற்காலி பக்கம்தான் சாயும்.

எத்தனை என்று கேட்டீர்கள். தினமும் செய்வது ஒன்று, வாரம் ஒருமுறை செய்வது ஒன்று. அதற்கு மேல் அகலக்கால். மீதியைக் கிழித்துப் போட வேண்டாம், தாளின் பின்பக்கம் ‘பிறகு’ என்று தலைப்பிட்டு எழுதி வையுங்கள்.

---

கணக்குப்புலி:

எண் போட்டா டார்கெட் ஆயிடுமான்னு கேட்டிருக்கீங்க. எந்த எண்ணைப் போடுறீங்கங்கிறதைப் பொறுத்தது. ‘வருஷத்துக்கு 24 புத்தகம்’ன்னா பிப்ரவரி கடைசியில் 4 முடிச்சிருக்கணும், 1தான் முடிஞ்சிருந்தா மூணு கடன். கடன் ஏறினா மனசு அந்தப் பக்கமே போகாது. ‘ஒரு நாளைக்கு 2 பக்கம்’ல கடன்னு ஒண்ணு கிடையாது, நேத்து விட்டது நேத்தோட போச்சு. வாரத்தில் 5 நாள் மட்டும் நடந்தாலும் 260 நாள், 520 பக்கம். நடுத்தரப் புத்தகமா ரெண்டு.

அப்புறம் அந்த 21 நாள் கதை. யாராவது வந்து சொல்றதுக்குள்ள சொல்லிடறேன். 1960ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் ‘குறைஞ்சது’ 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். போகப்போக ‘குறைஞ்சது’ உதிர்ந்துபோச்சு, முகம் போய் பழக்கம் வந்து உட்கார்ந்துடுச்சு.

பழக்கத்தையே அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு. ஆய்வு அச்சில் வந்தது 2010ல். 96 பேர் ஆளுக்கொரு சின்னச் செயலை 12 வாரம் தினமும் செஞ்சாங்க. யோசிக்காம கை தானா போகிற நிலைக்கு நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரைக்கும். 12 வாரம்னா 84 நாள்தான், அப்போ 254 எங்கிருந்து வந்ததுன்னு கேட்பீங்க. அது, 84 நாள் வரைக்கும் வரைஞ்ச வளைகோட்டை அதே போக்கில் நீட்டிப் போட்ட மதிப்பீடு. உங்களுக்கு அதில் வேண்டிய விஷயம் ரெண்டு. ஜனவரி கடைசியில் இன்னும் கஷ்டமா இருந்தா அது கோளாறு இல்லை, இயல்பு. ஒரு நாள் தவறினது அந்த ஆய்வில் பழக்கம் உருவாகிறதைப் பெரிசா பாதிக்கலை.

இன்னொண்ணு, உங்க பட்டியலில் ‘கூடாது’, ‘குறைக்கணும்’ ரெண்டும் விலக்குற வரிகள். ஸ்வீடனில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 1,066 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2020ல் வெளியான ஆய்வில், ‘இதைச் செய்வேன்’னு எழுதினவங்களில் 58.9 சதவீதம் பேர் ஜெயிச்சதா சொன்னாங்க. ‘இதை விடுவேன்’னு எழுதினவங்களில் 47.1. அவங்கவங்களே சொன்ன வெற்றிதான், அதனால் தசமப் புள்ளியைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம், திசையை மட்டும் எடுத்துக்குங்க. செய்யாம இருக்கிறதைச் செஞ்சு காட்ட முடியாது, அதான் சிக்கல்.

---

மூன்றாம்பிறை:

காகிதக்கப்பல் அண்ணா சொன்னது வாசிப்புக்கும் நடைக்கும் கச்சிதம். ஆனா எல்லாத்தையும் அந்த அச்சில் வார்க்க முடியாது. கோபமும் நண்பர்களும் அந்த ரகம் இல்லை.

கோபம் நம்ம நேர அட்டவணைப்படி வராது, அதனால் ‘தினமும்’ங்கிற சொல்லே அங்கே பொருந்தாது. அதுக்கு ‘வந்தால்’ வாக்கியம் வேணும்: இது வந்தால் இதைச் செய்வேன். பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் இந்த மாதிரி வாக்கியங்களைப் பத்தி 1999லேயே விரிவா எழுதினார். 2006ல் 94 சோதனைகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தப்பவும் வெறும் எண்ணத்தைவிட இது நல்லாவே வேலை செய்யுதுன்னு வந்தது. ஆனா ‘கோபம் வந்தால்’னு எழுதினா போச்சு. கோபம் வந்துடுச்சுன்னு நமக்குத் தெரியறது கத்தி முடிச்ச பிறகுதானே. உடம்பு காட்டுற அடையாளத்தைப் பிடிங்க. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்கு எதிராளி முடிக்கிறதுக்குள்ளேயே பேச்சு குறுக்கே பாயும், சிலருக்குக் காது சூடாகும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதுங்க:

“தாடை இறுகுறது தெரிஞ்சா, மூச்சை ஒரு தடவை முழுசா வெளியே விட்டுட்டு அப்புறம் பேசுவேன்.”

மூச்சை இழுக்கிறதில்லை, விடுறது. வெளியே போற மூச்சு நீளமா இருந்தா இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

இதில் எதை எண்ணுறதுங்கிறதுதான் சூட்சுமம். ‘இன்னிக்குக் கோபப்படலை’ன்னு எண்ணாதீங்க, அது எதிராளி கையில் இருக்கு. தாடையைக் கவனிச்ச தடவையை எண்ணுங்க. முதலில் எல்லாம் முடிஞ்சு அரைமணி கழிச்சுத்தான் ‘அட, இறுகியிருந்ததே’ன்னு தெரியும். அதையும் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. நாளாக நாளாக அந்தக் கவனிப்பு முன்னாடி நகர்ந்து வரும்: சண்டைக்குப் பிறகு, சண்டை நடுவில், வாய் திறக்கும் முன். இந்த வரி பிடிபட்டா ‘மனசை அமைதியா வெச்சுக்கணும்’ங்கிறதைத் தனியா எழுதத் தேவையில்லை. அது விளைவு, அதை நேரா போய்ச் செய்ய வழி கிடையாது.

நண்பர்களுக்கு ஒரு தாளில் 8 பேர் எழுதுங்க, 20 பேர் வேண்டாம். வாரம் ஒருத்தருக்கு நாலு வரி. 8 வாரத்துக்கு ஒரு சுற்று, வருஷத்துக்கு ஒவ்வொருத்தரையும் ஆறு தடவை தொட்டிருப்பீங்க. ‘எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளாச்சு’ன்னு அனுப்பாதீங்க. அது எதிராளிக்கு வீட்டுப்பாடம்; ஒரு வருஷக் கதையைத் தொகுத்துச் சொல்லணும். ஒரு குறிப்பான விஷயம், கூடவே ஒரு விடுதலை: “நீ சொன்ன அந்தக் குறுக்கு வழியிலதான் இன்னிக்குப் போனேன், உன் ஞாபகம் வந்தது. பதில் போட அவசரமே இல்லை.” இவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் எங்கே நின்னுபோகும்னா, முதல் ஆள் பதில் போடாம இருப்பார், ‘அவர் பதில் வந்ததும் அடுத்தவருக்கு’ன்னு காத்திருப்போம், மூணு மாசம் போயிடும். அனுப்பினா அந்த வாரம் முடிஞ்சது. பதில் வந்தாலும் வராட்டியும் பெயரை அடிவரிசைக்கு நகர்த்திடுங்க.

படம் வரையறது? அதுக்கு வரியே வேண்டாம். மேஜை மேல பென்சிலைச் சீவி வெச்சு, ஒரு வெள்ளைத் தாளைத் திறந்தே போட்டு வைங்க. வரஞ்சா வரையறீங்க. பட்டியலில் ஏதாவது ஒண்ணாவது கணக்கில்லாம இருக்கட்டும்.

---

ஓரக்குறிப்பு:

விட்டுப்போனால் என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் முழுதாகத் தொடவில்லை. பெரும்பாலான பட்டியல்கள் செத்துப்போவது அங்கேதான்.

நம்மிடம் இரண்டு பழமொழிகள் சேர்ந்து இதைக் கெடுக்கின்றன. ஒரு நாள் தவறினால் ‘முதல் கோணல் முற்றும் கோணல்’. இரண்டாம் நாள் ‘நனைந்த பிறகு முக்காடு எதற்கு’. ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரு உளவியலாளர்கள் இந்த முக்காட்டு மனநிலையைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள்: சின்ன மீறல் செய்யும் சேதத்தைவிட, ‘எப்படியும் கெட்டுவிட்டது’ என்ற நினைப்பு செய்யும் சேதம் அதிகம். ‘சபதம்’ என்ற சொல்லே இதற்கு உடந்தை. சபதம் என்றால் உடையும், உடைந்தால் ஒட்டாது. பழக்கம் அப்படியில்லை, விட்டுப்போகும், திரும்பவும் தொற்றிக்கொள்ளும். நீங்கள் சபதத்தைத் தவிர்த்தது சரி.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் கீழே, தவறும் முன்பே, ஒரு திரும்பும் வரியை எழுதுங்கள். “எத்தனை நாள் விட்டிருந்தாலும், திரும்பும் நாளில் 1 பக்கம் மட்டும்.” ஒன்றுதான், விட்டதற்கு ஈடுகட்டக் கூடாது. நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் 10 பக்கம் வாசித்தால் அது அபராதம். அபராதம் வாங்கும் இடத்துக்கு யாரும் விரும்பித் திரும்ப மாட்டார்கள். காய்ச்சல், பயணம் போன்ற நாட்களுக்கு ஒரு ‘சுருக்கப் பதிப்பு’ எழுதுங்கள்: புத்தகத்தைத் திறந்து ஒரு வாக்கியம். அதுவும் முடியவில்லையா, அந்த நாளுக்கு விடுப்பு என்று எழுதி மூடிவிடுங்கள்.

ஆப் பற்றி. தொடர்ச்சி எண்ணும் ஆப்களில் ஒரு அநியாயம் உண்டு. 83 நாள் செய்து ஒருநாள் விட்டால் திரையில் 0 என்று காட்டும். நடந்தது 83, காட்டுவது சுழி. ஆப்தான் வேண்டுமென்றால் தொடர்ச்சிக் கணக்கை அணைத்துவிட்டு மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் ஒருபோதும் குறையாது.

என் பரிந்துரை ஒற்றைத் தாள். மாதத்துக்கு ஒன்று, 1 முதல் 31 வரை எண்களை எழுதி, செய்த நாளில் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. செய்யாத நாளில் பெருக்கல் குறி போடாதீர்கள், காலியாக விடுங்கள். சிவப்பு மை வேண்டாம், விடைத்தாள் ஞாபகம் வரும். தாள் இருக்க வேண்டிய இடம் செயல் நடக்கும் இடம். வாசிப்புக்கு என்றால் அந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளேயே மடித்து வைக்கலாம், பேனாவோடு. பேனா வேறு அறையில் இருந்தால் புள்ளி விழாது, புள்ளி இல்லாத தாளைப் பார்த்தால் ‘செய்யவே இல்லை போல’ என்று தோன்றும்.

மாதக் கடைசியில் பத்து நிமிடம் அந்தத் தாளைப் பாருங்கள். புள்ளிகளை எண்ணுவதைவிட வெற்றிடங்கள் விழுந்த விதத்தைப் பார்ப்பது பயனுள்ளது. ஒரே கிழமையில் காலி விழுகிறதென்றால் அன்றைக்கு உங்கள் மணியோசை ஒலிக்கவில்லை. சனிக்கிழமை இரவு பல் துலக்காமலே தூங்கிவிடுகிறீர்கள் போல. அந்தக் கிழமைக்கு மட்டும் வேறு செயலோடு கட்டுங்கள். அங்கங்கே சிதறிக் கிடக்கும் காலி எதையும் சொல்வதில்லை, விடுங்கள். சேர்ந்தாற்போல ஒரு வாரம் காலியென்றால் பயணமோ நோயோ, திரும்பும் வரி இல்லாததோ காரணம். பாதிக்கு மேல் காலியா? அளவு பெரிது. பாதியாக்குங்கள். 2 பக்கம் 1 ஆகட்டும்.

விட்டுவிடவும் வழி இருக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்தும் அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வருகிறதென்றால், தேதி போட்டு ‘இது எனக்கு வேண்டாம்’ என்று எழுதி அடித்துவிடுங்கள். எழுதாமல் நழுவ விட்டால் அது வருடம் முழுக்க உறுத்தும்.

ஜனவரி 1 தவறிப்போனால் அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். புதிய வாரம், புதிய மாதம், புதிய பருவத் தொடக்கம் எல்லாவற்றுக்குமே மனசில் அந்தப் ‘புதுக் கணக்கு’ வேகம் உண்டு என்பதை 2014இல் டாய், மில்க்மன், ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வேகம் சில நாளில் வடியும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். அதனால் அதைச் செயலில் செலவழிக்காமல் சார்ஜரை இடம் மாற்றுவது, தாள் மடிப்பது, பெயர்ப்பட்டியல் எழுதுவது ஆகியவற்றில் செலவழியுங்கள்.

---

மழைக்குருவி:

எல்லாருக்கும் நன்றி. ஏழு வரியை மூணாக்கியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு: இரவு பல் துலக்கி முடிச்சதும், கட்டிலில் உட்கார்ந்து, 2 பக்கம். மார்ச் வரைக்கும் எண்ணைக் கூட்ட மாட்டேன். எத்தனை நாள் விட்டாலும் திரும்புற நாளில் 1 பக்கம்.

ரெண்டு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பட்டியலில் மேலே இருக்கிற ஒருத்தருக்கு நாலு வரி. அனுப்பினதும் பெயர் கீழே போகும்.

மூணு: குரல் உயர்றது காதில் விழுந்தா, மூச்சை முழுசா விட்டுட்டுப் பேசுவேன். கவனிச்ச தடவைக்கு ஒரு புள்ளி.

நடை, பின்பக்கம் ‘பிறகு’வில். பென்சில் சீவி வெச்சாச்சு.

---

காகிதக்கப்பல்:

ஒன்றும் மூன்றும் நன்றாக இருக்கின்றன. மூன்றாவது தானாக வருவது என்பதால் தினசரிக் கணக்கில் சேராது, பாரமில்லை. இரண்டாவதில் ‘சாயங்காலம்’ என்பது மறுபடியும் விளிம்பில்லாத நேரம். ஞாயிறன்று தவறாமல் செய்யும் வேலை ஏதாவது இருந்தால் அதன் முடிவோடு கட்டுங்கள். இன்னொன்று, பெயர்ப்பட்டியல் போனுக்குள் இருந்தால் அதைத் திறக்கும்போதே வேறெங்காவது போய்விடுவீர்கள். தாளில் எழுதி, அந்த வேலை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

---

மழைக்குருவி:

மாத்திட்டேன். “ஞாயிற்றுக்கிழமை துவைச்ச துணியை மடிச்சு அலமாரியில் வெச்சதும்.” தாளை அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒட்டியாச்சு, பக்கத்திலேயே நூல் கட்டி ஒரு பேனா.